ஒளிரும் பாலிமர் நானோதுகள்களை உயிருள்ள செல்லில் பார்ப்பது எப்படி?

நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தப் புள்ளி செல்லுக்குள் போன துகளாக இருக்கலாம், துகளிலிருந்து கசிந்த சாயமாக இருக்கலாம், கண்ணாடியில் ஒட்டிய திரளாக இருக்கலாம், செல்லின் சொந்த ஒளிர்வாகக்கூட இருக்கலாம். செத்துப்போன செல் எதையும் வாரி உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக நிற்கும். புதியவர்கள் முதலில் படம் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். படத்தைக் கெடுக்கும் தவறுகளில் முக்கால்வாசி குடுவையிலேயே நடந்துவிடுகின்றன, நுண்ணோக்கியில் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் தயாரிப்புக்கும் சோதனைக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தத் துகளில் தொடங்குவது?

ஒளிரும் பாலிமர் துகள்கள் மூன்று வகையாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வகை, பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ, பிஎல்ஜிஏ போன்ற ஒளிராத பாலிமருக்குள் சாயத்தை அடைத்தது. செய்வது எளிது, ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. சாயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று தணித்து, மொத்த ஒளி குறையும். அடைத்த சாயம் மெல்ல வெளியே கசியும். இரண்டாவது வகையில், திரளும்போது ஒளிர்வு கூடும் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். பென் சோங் டாங் குழு 2001-ல் விவரித்த இந்தப் பண்பு முதல் தொல்லையைத் தீர்க்கிறது. கசிவு பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

மூன்றாவது வகையில் பாலிமர்ச் சங்கிலியே ஒளிர்கிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் இணைவுப் பாலிமர்கள் இவை. ஹீகர், மக்டயர்மிட், ஷிராகாவா ஆகிய மூவருக்கும் 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த மின்கடத்தும் பாலிமர்களின் உறவுக்காரர்கள். இவற்றைச் சின்ன உருண்டையாகச் சுருட்டினால் பி-டாட் எனப்படும் பாலிமர் புள்ளி கிடைக்கும்.

முதல் முயற்சிக்கு மூன்றாவது வகையையே பரிந்துரைக்கிறோம், அதிலும் எஃப்8பிடி என்ற பாலிமரை. முழுப்பெயர் பாலி(9,9-டைஆக்டைல்ஃப்ளோரீன்-கோ-பென்சோதயாடையசோல்). தயார்நிலையில் விலைக்குக் கிடைக்கிறது. 460 நானோமீட்டர் அருகே நன்றாக உறிஞ்சி, 540 அருகே பச்சை-மஞ்சளாக உமிழ்கிறது. ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) பார்க்க வைத்திருக்கும் ஒளி வடிகட்டியிலேயே தெரியும். தனியாகக் கசிய உள்ளே சாயமும் இல்லை. கூடவே பிஎஸ்எம்ஏ எனப்படும் ஸ்டைரீன்–மலேயிக் அன்ஹைட்ரைடு கோபாலிமர் வேண்டும், மூலக்கூறு எடை சுமார் 1,700 உள்ள ரகம். இதன் ஸ்டைரீன் பகுதி துகளுக்குள் புதைந்துகொள்ளும். அன்ஹைட்ரைடு தண்ணீர் பட்டதும் திறந்து கார்பாக்சிலிக் அமிலமாகி மேற்பரப்பில் நிற்கும். அந்த எதிர்மின்னூட்டம்தான் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளிவைக்கிறது. பின்னால் ஆன்டிபாடி ஒட்டவும் அதே கார்பாக்சில்தான் கைப்பிடி.

தயாரிப்பு: நானோ வீழ்படிவு முறை

தத்துவம் ஒரு வரிதான். பாலிமர் டெட்ராஹைட்ரோஃப்யூரான் என்ற கரைப்பானில் கரையும், தண்ணீரில் கரையாது. டெட்ராஹைட்ரோஃப்யூரான் தண்ணீரோடு முழுதாகக் கலக்கும். நீர்த்த கரைசலை வேகமாகத் தண்ணீருக்குள் பாய்ச்சினால், சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்குமுன்பே தனித்தனியாகச் சுருண்டுவிடும். வேகமும் நீர்த்த நிலையும்தான் துகளின் அளவைத் தீர்மானிக்கின்றன. மற்றதெல்லாம் இவ்விரண்டைக் காப்பாற்றுவதற்கே.

கரைப்பானைப் பற்றி முதலில். டெட்ராஹைட்ரோஃப்யூரான் (இனி டிஎச்எஃப்) எளிதில் தீப்பிடிக்கும், 66 டிகிரியில் கொதிக்கும், காற்றுப் பட்டுப் பழையதானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள், பெராக்சைடு பட்டையால் சோதியுங்கள், எல்லா வேலையையும் புகைபோக்கி அறைக்குள் வையுங்கள். இன்னொன்று: டிஎச்எஃப் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், பாலிகார்பனேட்டையும் விடாது. செல் வேலைக்கு வாங்கிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் ஊற்றினால் குழாயின் பாலிமரும் உங்கள் துகளில் சேர்ந்துவிடும். கண்ணாடிக் குப்பி, பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டி, கண்ணாடிச் சிரிஞ்சு என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. பைப்பெட்டின் பாலிபுரோப்பிலீன் முனை தாங்கும். ஆனால் டிஎச்எஃப் ஆவி முனைக்குள் அழுத்தம் கூட்டித் திரவத்தைச் சொட்டவிடும். எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை உறிஞ்சி வெளியேற்றி முனையை நனைத்துவிட்டால் சொட்டுவது நிற்கும்.

1. 5 மில்லிகிராம் எஃப்8பிடியை 5 மி.லி. நீரற்ற டிஎச்எஃப்பில் போட்டு, மூடி, ஃபாயில் சுற்றி இரவு முழுக்கக் கலக்கவிடுங்கள். மறுநாள் 0.2 மைக்ரோமீட்டர் பிடிஎஃப்இ வடிகட்டியில் வடியுங்கள். கரையாத ஜெல் துணுக்கு ஒன்று தப்பினாலும் அது பிறகு பெரிய துகளாகத் திரும்பிவரும். இது 1 மி.கி./மி.லி. ஸ்டாக் (மூலக் கரைசல்).

2. பிஎஸ்எம்ஏவுக்கும் அதேபோல 1 மி.கி./மி.லி. ஸ்டாக் செய்யுங்கள். இது நிமிடங்களில் கரைந்துவிடும்.

3. எஃப்8பிடி ஸ்டாக் 250 மைக்ரோலிட்டர், பிஎஸ்எம்ஏ ஸ்டாக் 50 மைக்ரோலிட்டர், டிஎச்எஃப் 4.7 மி.லி. சேர்த்து 5 மி.லி. கலவை ஆக்குங்கள். இதில் ஒளிரும் பாலிமர் 50 மைக்ரோகிராம்/மி.லி., பிஎஸ்எம்ஏ 10 மைக்ரோகிராம்/மி.லி. இருக்கும்.

4. ஒரு கண்ணாடிக் குடுவையில் முதலில் 5 மி.லி. தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பேனாவால் கோடிட்டுக் கொட்டிவிடுங்கள். பிறகு அதில் 10 மி.லி. மிகத்தூய நீரை ஊற்றி, நீர்த்தொட்டி வகை சோனிகேட்டரில் (மீயொலியால் அதிர்விக்கும் கருவி) பாதி அமிழும்படி பிடித்து ஓட்டுங்கள்.

5. சிரிஞ்சின் ஊசிமுனையை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து, 5 மி.லி. கலவையை ஒரே அழுத்தாக உள்ளே தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தள்ளினால் துகள் பெரிதாகும். இன்னும் இரண்டு நிமிடம் சோனிகேட் செய்யுங்கள்.

6. குடுவையைச் சூடேற்றும் தட்டில் வைத்து, 80 முதல் 90 டிகிரியில், நைட்ரஜனை மேற்பரப்பில் மெல்லிய குழி விழும் அளவுக்கு ஊதுங்கள். நீர்மட்டம் கோட்டைத் தொடும்வரை விடுங்கள். 15 மி.லி. 5 மி.லி.யாகச் சுருங்கும்போது டிஎச்எஃப்போடு பாதித் தண்ணீரும் போயிருக்கும். கரைப்பான் மிச்சமில்லை என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி.

7. ஆறியதும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடியுங்கள். இப்போது தண்ணீர் மட்டும்தான் என்பதால் செல் வேலைக்கான சாதாரண சிரிஞ்சு வடிகட்டி போதும்.

ஆவியாகும்போது குடுவைச் சுவரில் மஞ்சள் வளையம் ஒன்று படியும். அதைச் சுரண்டி உள்ளே தள்ளாதீர்கள். உலர்ந்த பி-டாட் மீண்டும் தனித்தனியாகப் பிரியாது, கரைசலுக்குள் சேர்ப்பது வெறும் திரள்தான்.

நல்ல தொகுதி தெளிந்த மஞ்சளாக, பின்னாலுள்ள எழுத்து படிக்கும்படி இருக்கும். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பச்சை-மஞ்சளாக எரியும். துளிப் பால் விட்டதுபோல் மங்கலாக இருந்தால் திரண்டுவிட்டது. காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: கலவை அடர்த்தி கூடிப்போனது, ஊசி மெதுவாக அழுத்தப்பட்டது, பிஎஸ்எம்ஏ சேர்க்க மறந்தது, தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசலில் பாய்ச்சியது. கடைசியானது நம்பமுடியாத அளவுக்கு அடிக்கடி நடக்கிறது. செல் வேலை செய்பவர் கை தானாகவே பிபிஎஸ் (செல் கழுவும் உப்புக் கரைசல்) பாட்டிலுக்குத்தான் போகும்.

இதே சமயத்தில் பாலிமர் இல்லாத போலித் தொகுதி ஒன்றும் செய்துவையுங்கள்: வெறும் 5 மி.லி. டிஎச்எஃப், 10 மி.லி. தண்ணீர், அதே சூடு, அதே நைட்ரஜன், அதே வடிகட்டி. பின்னால் செல்கள் செத்தால், கொன்றது துகளா மிச்சமிருந்த கரைப்பானா என்று சொல்ல இதைத் தவிர வேறு வழியில்லை.

செல்லில் போடுமுன் நான்கு சோதனைகள்

முதலாவது உறிஞ்சல். வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் 460 நானோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வடிகட்டியில் திரள் நின்றுவிட்டது என்று பொருள், 50 மைக்ரோகிராம்/மி.லி. என்று குப்பியில் எழுதுவதும் பொய்யாகிவிடும். மீதியுள்ள உறிஞ்சலை வைத்து அடர்த்தியைத் திருத்தி எழுதுங்கள். நிறமாலையில் 700 நானோமீட்டர் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே எஃப்8பிடி எதையும் உறிஞ்சாது. அடிக்கோடு மேலே தூக்கியிருந்தால் அது திரள்களால் சிதறும் ஒளி. உமிழ்வை அளக்கும்போது, உச்சி உறிஞ்சல் 0.1-க்குக் கீழே வரும்படி நீர்க்கவையுங்கள். இல்லாவிட்டால் கரைசல் தன் ஒளியையே விழுங்கி எண்ணைக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது அளவு. டிஎல்எஸ் கருவியில் (சிதறும் ஒளியை வைத்துத் துகள் அளவைக் கணிப்பது) இந்த முறைப்படி செய்த துகள் பெரும்பாலும் 15 முதல் 30 நானோமீட்டருக்குள் விழும். துகள்களின் அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் பரவல் எண் 0.2-க்குக் கீழ் இருக்கவேண்டும். கருவியின் லேசர் 633 நானோமீட்டர் சிவப்பாக இருந்தால் நல்லது, எஃப்8பிடி அதைத் தொடாது. டிஎல்எஸ் பற்றி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடுகிறது. 200 நானோமீட்டர் திரள் ஒன்று, 20 நானோமீட்டர் துகள் பத்து லட்சத்துக்கு ஈடாகச் சிதறும். அதனால் வரைபடத்தில் 200 அருகே பெரிய மேடு தெரிந்ததும் தொகுதியைக் கொட்டவேண்டாம். முதலில் மறுபடி வடிகட்டி அளந்து பாருங்கள், தூசியாகவும் இருக்கலாம்.

மூன்றாவதைத்தான் பலர் தாண்டிப்போகிறார்கள்: உப்பிலும், செல் வளர்ப்பில் சேர்க்கும் இரத்தச் சீரத்திலும் தாங்குமா? தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்கும் துகள், செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் பத்து நிமிடத்தில் திரளலாம். உப்பு மின்னூட்டத்தை மறைக்கிறது, கால்சியம் இரண்டு துகளின் கார்பாக்சில்களைப் பாலம் போட்டு இணைக்கிறது. நான்கு குழாய்களில் தண்ணீர், பிபிஎஸ், சீரம் இல்லாத மீடியம், 10 சதவீத சீரம் கலந்த மீடியம் எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோகிராம்/மி.லி. துகள் போட்டு 37 டிகிரியில் வையுங்கள். தொடக்கத்திலும் 1, 4, 24 மணி நேரத்திலும் கொஞ்சம் எடுத்து, 2,000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 2,000 மடங்கு) ஐந்து நிமிடம் சுழற்றிப் புற ஊதா விளக்கின்கீழ் அடிப்பாகத்தைப் பாருங்கள். தனித்துகள் இந்த வேகத்துக்கு அடியில் இறங்காது. அடியில் பச்சைப் பொட்டு மின்னினால் அது திரள். சீரம் உள்ள குழாயில் டிஎல்எஸ்ஸை நம்பாதீர்கள், சீரப் புரதங்களே பத்து நானோமீட்டர் அருகே மேடு காட்டும்.

நான்காவது கசிவு. எஃப்8பிடிக்கு இது ஒரு சம்பிரதாயம் மாதிரி. சாயம் அடைத்த துகளுக்கோ இதுதான் உயிர்நாடி. வெறும் தண்ணீரில் கசிவு பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. தண்ணீரை வெறுக்கும் சாயம் தண்ணீருக்குள் வராது. சீரப் புரதமான ஆல்புமினையோ செல்சவ்வையோ கண்டதும் துகளை விட்டு ஓடிப்போய் அதில் ஏறிக்கொள்ளும். எனவே சீர மீடியத்தில் 24 மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, 300 கிலோடால்டன் சுழல்வடிகட்டியில் வடித்து, வடிந்த திரவத்தின் ஒளிர்வை அளவிடுங்கள். அதில் ஒளி இருந்தால் செல்லுக்குள் நீங்கள் பார்க்கப்போவது துகளின் பாதை ஆகாது, சாயத்தின் பாதை.

இடையில் ஒரு கணக்கு. மைக்ரோகிராமில் சொல்வதால் எத்தனை துகள் என்பது மறந்துபோகிறது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகளின் கனஅளவு 4.19 × 10⁻¹⁸ கன செ.மீ.; அடர்த்தி 1 என்று வைத்துக்கொண்டால் எடை 4.19 × 10⁻¹⁸ கிராம். ஆகவே 10 மைக்ரோகிராம்/மி.லி. என்பது ஒரு மில்லிலிட்டரில் சுமார் 2.4 × 10¹² துகள், அதாவது ஏறத்தாழ 4 நானோமோலார். அடுத்த தொகுதியில் விட்டம் 40 ஆகிவிட்டால் அதே 10 மைக்ரோகிராமில் துகள் எண்ணிக்கை எட்டில் ஒரு பங்கு, 0.5 நானோமோலார்தான். இரண்டு தொகுதியின் படங்கள் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செல்லுக்குக் கொடுத்தல்

ஹீலா (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல் வகை) போன்ற, கண்ணாடியில் நன்கு ஒட்டும் செல்லில் தொடங்குங்கள். 35 மில்லிமீட்டர் கண்ணாடி அடி டிஷ், 0.17 மி.மீ. தடிமன் கவர்கிளாஸ் உள்ளது. சுமார் 1 லட்சம் செல், 2 மி.லி. மீடியம்; 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் ஒரு நாள். பரப்பில் பாதிக்குமேல் நிரம்பியிருந்தால் போதும், நெருக்கியடித்து வளர்ந்த செல்களில் எல்லைகள் தெரியாது.

உங்கள் துகள் கரைசல் 50 மைக்ரோகிராம்/மி.லி. என்றால், 5 மைக்ரோகிராம்/மி.லி. கிடைக்க 2 மி.லி.யில் 200 மைக்ரோலிட்டர் ஊற்றவேண்டிவரும். அப்படியானால் மீடியத்தில் பத்தில் ஒரு பங்கு வெறும் தண்ணீர், செல்கள் வீங்கும். இதைத் தவிர்க்க 100 கிலோடால்டன் சுழல்வடிகட்டியில் துகளை முன்பே பத்து மடங்கு செறிவாக்கிக்கொள்ளுங்கள். அப்போது 20 மைக்ரோலிட்டர் போதும். முழுக்க உலரும்வரை சுழற்றிவிடாதீர்கள், வடிகட்டித் தாளிலேயே படிந்துவிடும்.

துகளை டிஷ்ஷில் நேராகச் சொட்டக் கூடாது. சொட்டு விழுந்த இடத்திலுள்ள செல்களுக்கு ஒரு கணம் நூறு மடங்கு அடர்த்தி போய்ச்சேரும். படத்தில் ஒரு மூலை மட்டும் கொழுந்துவிட்டு எரியும். வேறு குழாயில் சூடான மீடியத்தில் கலந்து, டிஷ்ஷின் பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டு இதை ஊற்றுங்கள். சீரம் இருக்கவேண்டுமா என்பது உங்கள் முடிவு: சீரம் இருந்தால் புரத உறை மூடிக்கொண்டு செல் உள்ளே இழுப்பது குறையும், ஆனால் துகள் திரளாமல் இருக்கும். சீரமில்லாமல் படம் பளிச்சென்று வரும், அதில் எத்தனை பங்கு திரள் என்ற சந்தேகமும் கூடவே வரும். புதியவர்கள் சீரத்தோடு தொடங்குவதே மேல்.

முதல் தடவை 1, 2, 5, 10, 20 மைக்ரோகிராம்/மி.லி. என்று ஐந்து டிஷ், 4 மணி நேரம். படத்துக்குப் போதுமான மிகக்குறைந்த அளவு எதுவோ அதையே பின்னால் பயன்படுத்துங்கள். நேரம் முடிந்ததும் வெதுவெதுப்பான பிபிஎஸ்ஸில் மூன்று முறை கழுவி, ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் ஊற்றுங்கள். அந்த நிறமும் ரைபோஃபிளேவினும் சேர்ந்து பச்சைப் பின்னணியைத் தூக்கிவிடும்.

இத்தோடு கூடவே வைக்கவேண்டிய டிஷ்கள்: துகளே போடாத செல், செல்லே இல்லாத கண்ணாடியில் துகள், போலித் தொகுதி ஊற்றிய செல், 4 டிகிரியில் வைத்த செல். கடைசியானது ஏனென்றால் செல் துகளை உள்ளிழுப்பது ஆற்றல் செலவாகும் வேலை; குளிரில் அது நின்றுவிடும். 4 டிகிரி டிஷ்ஷிலும் உள்ளே அதேபோல் ஒளிர்ந்தால், சாயம் சவ்வு வழியே ஊறிப்போயிருக்கிறது அல்லது சவ்வு கிழிந்திருக்கிறது. வெளிப்பரப்பில் மட்டும் வளையமாகத் தெரிந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அது சகஜம்.

நுண்ணோக்கியில்

மேடையையும் லென்ஸையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் காத்திருங்கள். அதற்குமுன் குவியம் நகர்ந்துகொண்டே இருக்கும், குற்றத்தைத் துகள்மேல் போடுவீர்கள். கார்பன் டை ஆக்சைடு வசதி இல்லையென்றால் மீடியத்தில் பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் 20 மில்லிமோலார் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள்.

கன்ஃபோகலில் (ஒரு தளத்தை மட்டும் படமெடுக்கும் லேசர் நுண்ணோக்கி) 458 நானோமீட்டர் லேசர் இருந்தால் அதுவே எஃப்8பிடியின் உச்சி. 488 மட்டும் இருந்தாலும் ஓடும், சரிவில் பிடிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் கூடுதல் ஆற்றல் கேட்கும். உமிழ்வை 510 முதல் 600 வரை சேகரியுங்கள். 60 அல்லது 63 மடங்கு எண்ணெய் லென்ஸ், துளை எண் 1.4, பின்ஹோல் ஒரு ஏரி (Airy) அலகு, பிக்சல் 80 நானோமீட்டர் சுற்றி. லேசரை ஒரு சதவீதத்தில் தொடங்கி மேலேறுங்கள். பி-டாட் எதிர்பார்ப்பைவிடப் பிரகாசம், மற்றச் சாயங்களுக்குப் பழகிய கை முதல் படத்திலேயே உணரியை நிறைத்துவிடும். அளவுகளைத் துகள் போடாத டிஷ்ஷில் வைத்து நிலைநிறுத்துங்கள்: செல்லின் சொந்த ஒளிர்வு கறுப்பாகப் போகும் இடம்தான் உங்கள் தொடக்கம். அதன்பின் எல்லா டிஷ்ஷுக்கும் அதே அமைப்பு. டிஷ்ஷுக்கு டிஷ் மாற்றினால் ஒப்பீடு போச்சு.

என்ன தெரியவேண்டும்? நாலு மணி நேரத்தில், உட்கருவைச் சுற்றி ஒருபக்கமாகக் குவிந்த தனித்தனிப் புள்ளிகள், உட்கரு இருட்டு. இவை எண்டோசோம், லைசோசோம் பைகளுக்குள் அடைபட்ட துகள் கூட்டங்கள். ஒரு புள்ளி ஒரு துகள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் இருநூறு நானோமீட்டரைச் சுற்றித்தான், அந்த இடத்துக்குள் பத்து துகள் ஒளிந்துகொள்ளும். செல் முழுக்க மாவு பூசியதுபோல் சீராகப் பச்சை படர்ந்து உட்கருவும் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். எஃப்8பிடியில் அது பெரும்பாலும் செத்த செல். செத்த செல்லின் உட்கருவை மட்டும் சிவப்பாக்கும் புரொப்பிடியம் அயோடைடு 1 மைக்ரோகிராம்/மி.லி. சேர்த்துப் பாருங்கள், உட்கரு சிவந்தால் சந்தேகம் தீர்ந்தது.

உள்ளேயா வெளியேயா என்பதை ஒரே தளத்துப் படத்தில் சொல்லமுடியாது. 0.3 முதல் 0.5 மைக்ரோமீட்டர் படியில் உயர அடுக்குப் படமெடுத்துப் பக்கவாட்டு வெட்டைப் பாருங்கள். கண்ணாடியோடு ஒட்டிய தளத்தில் மட்டும், செல் இல்லாத இடத்திலும் புள்ளிகள் கிடந்தால் அது கழுவியும் போகாத துகள். அடுத்தமுறை துகள் கலக்கும் மீடியத்தில் ஆல்புமின் சேர்த்தால் குறையும்.

லைசோசோமில்தான் இருக்கிறதா என்று காட்ட லைசோட்ராக்கர் ரெட், 50 நானோமோலார், அரை மணி நேரம். 561 லேசரில் எழுப்புங்கள் (ஒளிரத் தூண்டுங்கள்), அதை எஃப்8பிடி உறிஞ்சாது. ஆனால் எஃப்8பிடியின் உமிழ்வு வால் 600 நானோமீட்டரைத் தாண்டியும் நீள்கிறது. இரண்டு லேசரையும் ஒரே நேரத்தில் எரியவிட்டால் பச்சை ஒளி சிவப்பு வழியில் (சேனலில்) ஒழுகி, ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும் பிரமாதமான மஞ்சள் படம் கிடைக்கும், முழுக்கப் போலி. வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே எடுங்கள். துகள் மட்டும் உள்ள டிஷ்ஷைச் சிவப்பு வழியிலும், லைசோட்ராக்கர் மட்டும் உள்ள டிஷ்ஷைப் பச்சை வழியிலும் ஒருமுறை பார்த்து இரண்டும் இருட்டு என்று உறுதிசெய்யுங்கள். உட்கருவுக்கு ஹெக்ஸ்ட் 33342, 1 மைக்ரோகிராம்/மி.லி., பத்து நிமிடம். 405 லேசரில் எழுப்பி 420 முதல் 470 வரை சேகரித்தால் துகளோடு மோதாது.

நாள்கணக்கில் பின்தொடர்பவர்கள், மறுநாள் ஒளி பாதியானதும் துகள் சிதைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஹீலா செல் ஒரு நாளில் ஏறத்தாழ ஒருமுறை இரண்டாகிறது. துகள்களும் இரண்டு பங்காகப் பிரிந்துபோகின்றன. செல்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள்.

செல் நலமாக இருக்கிறதா?

நச்சுச் சோதனையில் துகளின் நிறமே குறுக்கே நிற்கும். உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் காட்டும் சிசிகே-8 சோதனையை 450 நானோமீட்டரில் படிப்போம். எஃப்8பிடியின் உறிஞ்சல் உச்சியும் கிட்டத்தட்ட அங்கேதான். துகள் கூடக்கூடச் செல்கள் தழைப்பதுபோல் எண் ஏறும். அதே வகையான எம்டிடி சோதனை 570-ல் படிக்கப்படுவதால் இந்தத் துகளுக்குப் பாதுகாப்பானது. எதைச் செய்தாலும், செல் இல்லாத குழிகளில் அதே அளவு துகள் போட்டுப் படித்து அந்த எண்ணைக் கழித்துவிடுங்கள்.

இருட்டில் நலமாக இருக்கும் செல் லேசரின்கீழ் சாகலாம். இணைவுப் பாலிமர்களில் பல, ஒளி பட்டால் அருகிலுள்ள ஆக்சிஜனை வினைத்திறன் மிக்க சிங்லட் ஆக்சிஜனாக மாற்றும். புற்றுநோய்க்கான ஒளி சிகிச்சை ஆய்வில் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். எனவே நீண்டநேரப் படப்பிடிப்புக்குமுன் நான்கு டிஷ் வேண்டும்: ஒன்றுமில்லாதது, துகள் மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்ந்தது. நான்காவதில் மட்டும் சவ்வில் கொப்புளம் கிளம்பினால் லேசரைக் குறைத்து, படங்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஆன்டிபாடியோ ஸ்ட்ரெப்டாவிடினோ ஒட்டவேண்டுமானால்

குறிப்பிட்ட இலக்கில் மட்டும் துகள் ஒட்டவேண்டுமானால் அதன்மேல் இந்தப் புரதங்களில் ஒன்றைக் கட்டவேண்டும். மேலே சொன்ன எல்லாம் கைவந்தபிறகு இதில் இறங்குங்கள். 50 மைக்ரோகிராம்/மி.லி. துகள் 4 மி.லி. எடுத்து, 5 சதவீத பெக் 3350 (பாலிஎதிலீன் கிளைக்கால்) கரைசல் 80 மைக்ரோலிட்டர், 1 மோலார் ஹெப்பெஸ் (பிஎச் 7.3) 80 மைக்ரோலிட்டர் சேருங்கள். பெக், புரதம் வேதிப்பிணைப்பில்லாமல் சும்மா ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். பிறகு புரதம், 1 மி.கி./மி.லி. கரைசலில் 100 மைக்ரோலிட்டர் அளவு. கடைசியாக, கார்பாக்சிலைப் புரதத்தின் அமீனோடு இணைக்கும் ஈடிசி, அப்போதுதான் தண்ணீரில் கரைத்தது, 5 மி.கி./மி.லி., 80 மைக்ரோலிட்டர். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் கலக்கவிட்டு, பிறகு ஆல்புமின் சேர்த்து மிச்ச இடங்களை மூடி, ஜெல் நிரப்பிய குழாயில் விட்டு ஒட்டாத புரதத்தைப் பிரியுங்கள்.

தோல்வி பெரும்பாலும் ஈடிசியிடமிருந்து வரும். உறைபெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வந்தபிறகே திறங்கள்; குளிர்ந்த புட்டிக்குள் ஈரம் இறங்கினால் மறுமுறை அது வெறும் மாவு. கரைத்த ஈடிசியை வைத்திருந்து பயன்படுத்த முடியாது, தண்ணீரிலேயே சிதைகிறது. இரண்டாவது காரணம் ஆன்டிபாடி வரும் கரைசல். அதிலுள்ள டிரிஸ், கிளைசின், நிலைப்படுத்தும் ஆல்புமின் எல்லாவற்றிலும் அமீன் உண்டு. உங்கள் ஆன்டிபாடிக்கு ஒதுக்கிய கார்பாக்சிலை அவை பிடித்துக்கொள்ளும். சோடியம் அசைடு கலந்திருந்தால் செல்லுக்கும் விஷம். ஒட்டுவதற்குமுன் ஹெப்பெஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஈடிசியைக் கூட்டினால் நன்றாக ஒட்டும் என்று இரட்டிப்பாக்காதீர்கள்: கார்பாக்சில் குறையக்குறைய மின்னூட்டம் குறைந்து துகள் திரளும், புரதமே பாலமாகித் துகளைத் துகளோடு கட்டும். ஒட்டியபின் மறுபடியும் அளவு பார்க்கவேண்டும். சில நானோமீட்டர் கூடுவது சரி, இரண்டு மடங்கானால் தொகுதி போனது.

துகள் குறியிலக்கில்தான் ஒட்டுகிறதா என்பதற்குச் சான்று, ஆன்டிபாடி பிடிக்கும் அந்த ஏற்பி இல்லாத செல்லில் அதே துகள் ஒட்டாமல் போவதும், வெறும் ஆன்டிபாடியை முன்கூட்டியே ஊற்றினால் ஒளிர்வு குறைவதும்தான்.

சேமிப்பு: கண்ணாடிக் குப்பி, 4 டிகிரி, ஃபாயில் சுற்றி. உறையவைக்கவே கூடாது, பனிப்படிகம் துகள்களை ஒதுக்கி நெருக்கித் திரளாக்கிவிடும், உருகினால் பிரியாது. பாதுகாப்புப் பொருள் எதுவும் போடாததால் கிருமி வளரும். கிருமிநீக்கிய வடிகட்டியில் வடித்துச் சின்னச்சின்னப் பங்குகளாகப் பிரித்துவையுங்கள். எடுக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் சோனிகேட் செய்து, 460-ல் உறிஞ்சலும் 700-ல் அடிக்கோடும் பார்த்து, தேதியோடு குப்பியின் மேலேயே எழுதுங்கள். 700-ல் எண் ஏறத் தொடங்கிய குப்பியைச் செல்லுக்குக் கொடுக்காதீர்கள்.